இடைவேளைக்காரி

யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு பொள்ளாச்சிக்குப் போயிருக்கிறாள், எந்த வீட்டில் கூட்டிப் பெருக்கும் இயந்திரம் மண்டை குழம்பிக் காலையிலிருந்து ஒரே அறையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, இதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் சரவணம்பட்டி நொய்யல் நிழல் அடுக்ககத்தில் இரண்டாம் பிளாக் கலாமணியிடம் போனால் போதும். போகக்கூட வேண்டாம், அவளே வருவாள். கையில் ஒரு கிண்ணம் இருக்கும். கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பது முக்கியமில்லை. கிண்ணம் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

அப்பேர்ப்பட்ட கலாமணிக்கே பிடிபடாத வீடு ஒன்று இருந்தது. அதுவும் பக்கத்து வீடு. இவள் பால்கனியிலிருந்து கையை நீட்டினால் அந்தப் பால்கனிக் கம்பியைத் தொட்டுவிடலாம். அங்கே ஹரிப்பிரியா என்றொரு பெண்ணும் அவளுடைய மகளும் குடி வந்திருந்தார்கள். புருஷன் பிரிந்துபோய் வெளிநாட்டில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான் என்பது வரை, சாமான் ஏற்றி வந்த வண்டிக்காரனிடமே கலாமணி விசாரித்து முடித்துவிட்டாள். அதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

மகள் பெயர் சஷ்மிகா. ஒன்பது வயது. அந்தப் பெயர் வாயில் நுழையாமல் கலாமணி அவளை "சாமி" என்றே கூப்பிட்டாள். பங்குனியில் பிடிக்கிற வெயில் புரட்டாசி தாண்டியும் விடாமல் அடிக்கத் தொடங்கிய பிறகு பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ள, அடுக்ககத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்கல்விதான். மற்ற பிள்ளைகள் திரையைப் பார்த்துப் படித்தார்கள், அதாவது திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார்கள். சஷ்மிகா மட்டும் இடைவேளை மணி அடித்தால் பால்கனிக்கு வருவாள். வந்தால் கதைதான். லிஃப்ட்டை விலைக்கு வாங்கிய ஒரு பூனையைப் பற்றி முடிவில்லாத ஒரு கதை.

"பெரிம்மா, அந்தப் பூனை இருக்குதுல்லீங்க, அது லிஃப்டுக்குள்ள போயி—"

"சஷ்மி, போதும் வா, மணி அடிச்சிருச்சு!" என்று உள்ளேயிருந்து அம்மாக்காரி கூப்பிட்டாள். பிள்ளை வாயைத் திறந்தபடியே உள்ளே ஓடிவிட்டது.

கலாமணி போய்ச் சமைத்தாள். சாப்பிட்டாள். வீட்டுக்காரர் ஆறுச்சாமியிடம் ஒரு சண்டையை ஆரம்பித்து முடித்தாள். குளித்துச் சீலை மாற்றி, காய வைத்த மிளகாயைப் புரட்ட மறுபடியும் பால்கனிக்கு வந்தாள். கதவு திறந்தது. பிள்ளை வந்தது.

"—பட்டனை எட்டாம அழுதுச்சுங்க."

"எது அழுதுச்சு?"

"பூனைங்க! இப்பத்தானே சொன்னேன்?" என்ற சஷ்மிகா, இவளை மேலும் கீழும் பார்த்துக் கண்ணை விரித்தாள். "பெரிம்மா, நீங்க எப்படிங்க அதுக்குள்ள சீலை மாத்துனீங்க?"

கலாமணிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே ஒரு கிண்ணம் அரிசிம்பருப்புச் சாதத்தோடு ஹரிப்பிரியா வீட்டு அழைப்புமணியை அழுத்தினாள்.

ஹரிப்பிரியா ஒல்லியான பெண். கண்ணுக்குக் கீழே கருப்பு. முடி மட்டும் கடையில் வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தது. அதைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று கலாமணி மனதில் முடிந்துவைத்துக்கொண்டாள். கூடத்தின் மூலையில், மேசைக்கு முன்னால் சஷ்மிகா உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. பட்டையின் ஓரத்தில் பச்சையாக ஒரு சின்ன விளக்கு. கண் பாதி மூடியிருக்க, கை மட்டும் மளமளவென்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

"வாங்கக்கா, சத்தமாவே பேசலாம். அவளுக்குக் கேக்காது" என்றாள் ஹரிப்பிரியா.

"காது அடச்சிருக்குதா அம்மிணி?"

"இல்லீங்க்கா, நெத்திப்பட்டைங்க. பாடம் நடக்கறப்ப அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. கை எழுதும், வாய் பதில் சொல்லும், படிச்சதெல்லாம் மனசுல பதிஞ்சிரும். ஆனா உக்காந்து படிச்சோம்ங்கற நெனப்பே இருக்காது. ஆபரேஷனுக்கு மயக்க மருந்து குடுத்தா, கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்ல? அந்த மாதிரிதானுங்க."

"அப்ப பிள்ளைக்கு ஒரு நாளுங்கறது என்ன?"

"இடைவேளைதான். ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. இவளப் பொறுத்தவரைக்கும் படிப்புன்னே ஒண்ணு கெடையாதுங்க. நாளெல்லாம் விளையாட்டு." சிரித்தாள். சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை. "இடைவேளை மட்டும் கண்டிப்பா விடோணும்னு சொல்லியிருக்காங்க, இல்லாட்டி மூளைக்கு ஆகாது. எவ்வளவு நேரம்ங்கறது நம்ம இஷ்டம். அவசரத்துக்கு அந்தச் சுவத்துப் பெட்டில 'தொடர்'னு ஒரு பட்டன் இருக்குதுங்க. அமுத்துனா அந்த இடைவேளை வராம அடுத்த பாடத்துக்குப் போயிரும்."

கலாமணி வீட்டுக்கு வந்தாள். ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. நேராக நடைபாதைக்குப் போனாள். அங்கேதான் தண்ணீரே காணாத நீச்சல்குளத்தைச் சுற்றி, சங்கச் செயலாளரின் மனைவி சுலோச்சனா தலைமையில் பெண்கள் நடப்பார்கள். காலை விட வாய்தான் அதிகம் நடக்கும்.

"பெத்தவளாங்க அவ? புள்ளைய மயக்கம் போட வெச்சுப் படிக்க வெக்கறா. இன்னி வரைக்கும் அந்தப் புள்ள வாழ்ந்ததெல்லாம் கூட்டிப் பாத்தா ஒரு வருஷம்கூடத் தேறாதுங்க."

"எதுக்கு இந்தப் பேராசை?" என்றாள் சுலோச்சனா.

"படிப்புப் பைத்தியம், வேறென்ன? மூஞ்சியப் பாத்தாத் தெரீலீங்களா? சோறு தண்ணி இல்லாமப் புள்ளையவே பாத்துப் பாத்து, எலும்புந் தோலுமா ஆயிட்டா."

ஹரிப்பிரியாவின் மெலிவுக்குக் கலாமணி கண்டுபிடித்த காரணம் அது. அடுக்ககம் முழுவதும் அதை நம்பியது.

மாதம் போகப் போக இடைவேளை சுருங்கியது. முன்பெல்லாம் பூனை ஒரு மாடி ஏறி ஒரு சண்டை போட்டுவிட்டு இறங்கும். இப்போது கதவுக்குள் கால் வைப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. கலாமணி ஊற்றி வைத்த டீ ஆறுவதற்கு முன்னால் பிள்ளை உள்ளே போய்விடுகிறது. "இன்னைக்கு வெடிஞ்ச ஒடனே இருட்டிருச்சுங்க பெரிம்மா" என்று ஒருநாள் சஷ்மிகா சொன்னாள். கேட்டபோது குறையாகச் சொன்ன மாதிரிகூட இல்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னாள்.

அது போதுமே. அன்று நடைபாதையில் தீ பற்றிக்கொண்டது. குழந்தைகள் நலத்துறைக்கு எழுதிவிடலாம் என்றாள் சுலோச்சனா. எழுதுங்கள், நானே வந்து சாட்சி சொல்கிறேன் என்றாள் கலாமணி. அதிகாரிகள் வந்து பட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள், பிள்ளை நாள் முழுக்கப் பால்கனியில் நிற்கும், பூனைக் கதை ஒருவழியாக முடியும் என்று சந்தோஷமாகத் தூங்கினாள்.

மறுநாள் முற்பகலில் பக்கத்து வீட்டில் 'தொப்'பென்று ஏதோ விழுந்தது.

கிண்ணம்கூட எடுக்காமல் ஓடினாள். கதவு தாழ் போடவில்லை. கூடத்தில் ஹரிப்பிரியா குப்புறக் கிடந்தாள். பக்கத்தில் வாந்தி. தலையில் ஒரு முடிகூட இல்லை. அந்தப் பளபள முடி, உரித்துப் போட்ட ஏதோ மாதிரி, கூடத்துக் கட்டிலின் காலடியில் கிடந்தது. இரண்டு எட்டுத் தள்ளி, முதுகு நிமிர்த்தி உட்கார்ந்து சஷ்மிகா வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆகவே, முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல்—"

"சாமி! உங்கம்மாவப் பாரு சாமி!" கலாமணி பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிள்ளை பக்கத்தைப் புரட்டி அடுத்த கணக்குக்குப் போனது.

"கத்தாதீங்க்கா." தரையிலிருந்து குரல் வந்தது. "கேக்காது. கேக்கக் கூடாதுன்னுதானே இத்தனையும்."

கலாமணி அவளைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தாள். கனமே இல்லை, ஈரத் துணியைத் தூக்குவது போல வந்தாள்.

"வயித்துல கட்டி வந்ததுங்க. ஈரலுக்குப் போயிருச்சு. இனி வைத்தியம் இல்லைன்னுட்டாங்க" என்றாள் ஹரிப்பிரியா. பக்கத்து வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாள்.

"அடிப் பாவி! இதையா மறச்சு வெச்சிருந்தே? புள்ளைக்கு?"

"தெரியாது. எங்கம்மாவும் இதுலதான் போனாங்க. நான் அப்ப இவ வயசு. எனக்கு எங்கம்மா மொகமே ஞாபகத்துக்கு வர்றதில்லீங்க்கா. அந்த முனகல்தான் வரும். ராப்பகலா முனகுவாங்க. சமையல் பண்றப்ப, பஸ்ஸுல போறப்ப, இன்னைக்கும் காதுக்குள்ள கேக்குது. இவளுக்கு அது வேண்டாம். வலியெல்லாம் பாடத்துல போயிரட்டும். இடைவேளைக்கு மட்டும் நல்ல அம்மாவா நின்னுக்கறேன்."

கலாமணி வாயடைத்துப் போனது அவள் கல்யாணத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப இடைவேளை சுருங்குனது..."

"அவ்வளவு நேரந்தான் நிக்க முடியுதுங்க." சுவரிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். "மணி அடிக்கப் போவுது. கையக் குடுங்க்கா."

அதற்குப் பிறகு நடந்தது கலாமணியின் வாழ்க்கையிலேயே வேகமான வேலை. தரையைத் துடைத்தாள். முடியை எடுத்து மாட்டிச் சீவினாள். கன்னத்தில் பவுடர், நெற்றியில் ஒட்டுப்பொட்டு. மணி அடித்தபோது ஹரிப்பிரியா அடுப்படியில் கையில் கரண்டியோடு நின்றாள். ஒரு கை அடுப்பு மேடையை இறுகப் பிடித்திருந்தது. பச்சை விளக்கு அணைந்தது. பிள்ளை பட்டையைக் கழற்றிக்கொண்டு துள்ளி எழுந்தது.

"—அதுக்கு வாட்ச்மேன் என்ன சொன்னாருன்னா... ஐ, பெரிம்மா! எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் சாமி" என்றாள் கலாமணி. "சும்மா, ஒரு கிண்ணம் வாங்கீட்டுப் போலாம்னு."

அன்று நடைபாதைக்கு அவள்தான் முதலில் போனாள். மனுவில் கையெழுத்துப் போடத் தயாராகப் பேனாவோடு நின்ற சுலோச்சனாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "ஆளுக்கு ஆள் சொல்லீராதீங்க" என்று ஆரம்பித்தாள். அப்படி ஆரம்பித்தால் விடிவதற்குள் எல்லா பிளாக்கிலும் தெரிந்துவிடும் என்பது அவள் தொழில்முறை அனுபவம். லண்டனில் ஏதோ ஒரு பெரிய கல்லூரி சின்னப் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறதாம், பாஸானால் குடும்பத்தோடு கூப்பிட்டுக்கொள்கிறார்களாம், ஹரிப்பிரியா மகளை அதற்குத்தான் ரகசியமாகத் தயார் பண்ணுகிறாளாம். இடைவேளை குறையக் குறைய மார்க் ஏறுகிறதாம்.

மனு கிழிந்தது. அது வரைக்கும் சரி. ஆனால் அடுத்த மாதத்துக்குள் அடுக்ககத்தில் அரை டஜன் வீடுகளில் பிள்ளைகள் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. சுலோச்சனாவின் பேரனுக்கும்தான். வழக்கமாகச் சாயங்காலம் கீழே பந்து உதைத்து யாராவது வீட்டுக் கண்ணாடியை உடைக்கிற பயல்களைக் காணோம். கண்ணாடிக்காரர்களும் அதைப் பற்றி முறையிடவில்லை. அமைதியான மைதானத்தைப் பார்க்கும்போதெல்லாம் கலாமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் விதைத்தது என்று தெரியும். பிடுங்க வழியில்லை. பிடுங்கினால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

"ஏண்டி, ஒரு மாசமா யாரைப் பத்தியும் ஒண்ணுமே சொல்ல மாட்டீங்கற?" என்றார் ஆறுச்சாமி. பம்ப்செட் பட்டறையிலிருந்து வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, சேதி கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். "உடம்பு கிடம்பு சரியில்லியா? டாக்டரைப் பாக்கலாமா?"

"ஊர்ல ஒண்ணும் நடக்கறதில்லீங்க" என்றாள் கலாமணி.

பாட நேரங்களில் அவள் பக்கத்து வீட்டில் இருந்தாள். மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். வாந்தி அள்ளினாள். மணிக்கு முன்னால் நாடகக் கம்பெனிக்காரி மாதிரி வேஷம் கட்டிவிட்டாள். சந்தகை பிழிந்து கொண்டுபோனாலும் ஹரிப்பிரியாவுக்கு இரண்டு இழை இறங்குவதே பெரும்பாடு. வலி ஏறும்போது ஹரிப்பிரியா தலையணையைக் கடித்துக்கொள்வாள். அப்புறம், எதற்குக் கடிக்க வேண்டும், யாருக்குக் கேட்கப் போகிறது என்று ஞாபகம் வந்து வாய்விட்டு அழுவாள். பக்கத்தில் பிள்ளை பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கலாமணி கேட்டேவிட்டாள். "அம்மிணி, தப்பா நெனச்சுக்காத. நீ இருக்கப் போறதே கொஞ்ச நாள். அதுலயும் பெரும்பகுதி அவ பக்கத்துலயே உக்காந்திருந்தும் இல்லாமப் போறா. அவளுக்குச் சேர வேண்டிய அம்மாவ நீயே வெட்டித் தூர எறியறியே?"

"கெட்ட பகுதியத்தானுங்க எறியறேன்."

"அதும் அவ அம்மாதானே?"

ஹரிப்பிரியா திரும்பி மகளைப் பார்த்தாள். பிறகு கலாமணியின் கையைப் பிடித்தாள். "நீங்க எனக்கு ஒண்ணு பண்ணோணும். நான் பாடம் நடக்கறப்பப் போயிட்டேன்னா, 'தொடர்' அமுத்தீருங்க. ஓசூர்ல இருந்து எந்தம்பி வர்ற வரைக்கும் அவள எழுப்பாதீங்க. எடுத்து, எல்லாம் முடிச்சு, அவன் வீட்டுல போயிக் கண்ணு முழிக்கட்டும்."

"கடைசியா ஒருக்காக்கூடப் பாக்காமலா?"

"அவ கடைசியாப் பாத்தது நான் சிரிச்சதா இருக்கட்டும். சத்தியம் பண்ணுங்க்கா. கோனியம்மன் மேல பண்ணுங்க."

கலாமணி சத்தியம் செய்தாள். செய்துவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதாள். அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை, கூடத்திலேயே அழுதிருக்கலாம்.

ஐப்பசியில் ஒருநாள், மறந்தே போயிருந்த மழை, மறந்ததற்கெல்லாம் சேர்த்துப் பெய்தது. இடைவேளையில் இருந்த சஷ்மிகா பட்டையைக் கையில் பிடித்தபடியே கொடியிலிருந்த துணிகளை எடுக்க ஓடி, தொப்பலாக நனைந்து திரும்பினாள். அதற்குப் பிறகு பிள்ளையிடம் சில மாற்றங்களைக் கலாமணி கவனித்தாள். கவனிப்பதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. கவனித்ததிலிருந்து என்ன முடிவுக்கு வருவாள் என்பதில்தான் எப்போதும் கோளாறு.

பட்டையின் ஓரத்திலிருந்த விளக்கின் மேல் பிள்ளை ஒரு சிவப்பு ஒட்டுப்பொட்டை ஒட்டிக்கொண்டது. அழகு பார்க்கிற வயசு வந்துவிட்டது என்று நினைத்தாள். மாதத் தேர்வில் மார்க் மடமடவென்று இறங்கியது. பட்டை பழசாகிவிட்டது என்றாள் ஹரிப்பிரியா, இருக்கும் என்றாள் இவள். காற்று வரவில்லை என்று பிடிவாதம் பிடித்து, மேசையைக் கட்டிலை ஒட்டி இழுத்துப் போடச் சொன்னது பிள்ளை. உட்கார்ந்தால் இப்போது காலை நீட்டி அம்மாவின் கட்டில்வரை கொண்டுபோகிறது. கூன் விழுந்துவிடும் என்று கவலைப்பட்டாள். இடைவேளை மணி அடித்ததும் முதல் வேலையாக, கேட்காமலே அம்மாவுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தது. பொறுப்பு வந்துவிட்டது என்று மெச்சினாள். தான் காலையில் ஒரு சீலையும் மத்தியானம் ஒரு சீலையுமாக வந்தாலும் பிள்ளை இப்போதெல்லாம் கண்ணை விரிப்பதில்லை என்பதையும் கவனித்தாள். பழகிவிட்டது, வேறென்ன.

பூனைக் கதை மட்டும் மாறவில்லை. விட்ட இடத்திலேயே, விட்ட எழுத்திலேயே தொடங்கியது.

மார்கழி பிறந்த பிறகு ஹரிப்பிரியாவால் எழுந்து நிற்க முடியவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது என்று பிள்ளைக்குச் சொல்லப்பட்டது. பிள்ளை தலையாட்டியது. ஒருநாள் காலை இடைவேளையில் அம்மாவின் பக்கத்தில் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பூனை ரொம்ப நாளைக்குப் பிறகு லிஃப்ட்டில் கிளம்புவதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"வாட்ச்மேன் பட்டன்ல வெரல வெச்சுட்டு, 'போலாங்களா?'ன்னு கேட்டாரும்மா. அதுக்குப் பூனை என்ன சொல்லுச்சுன்னா—"

மணி அடித்தது.

"மிச்சம் அடுத்த இடைவேளைக்குத் தங்கம்" என்று ஹரிப்பிரியா சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதற்காகக் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்திருப்பாள். பிள்ளை மேசைக்குப் போய், பட்டையைக் கட்டிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியது.

வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிய போராட்டம் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் முனகினாள். கலாமணியின் கையைத் தேடினாள். மூச்சு ஒருமுறை நின்று, எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் திரும்பி வந்து, மறுபடியும் போனது. கலாமணி காத்திருந்தாள். வரவில்லை.

பக்கத்தில் சின்னக் குரல் சீராக நதிகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பவானி, நொய்யல், அமராவதி.

கலாமணி கண்களை மூடிவிட்டாள். தாடையைக் கட்டினாள். ஓசூர்த் தம்பிக்குப் போன் செய்தாள், கிளம்பிவிட்டேன் என்றான். இடைவேளை மணிக்கு அதிக நேரமில்லை. சுவரிலிருந்த பெட்டிக்குப் போனாள். 'தொடர்' என்று எழுதிய பட்டனில் விரலை வைத்தாள்.

இதை அழுத்தினால் பிள்ளைக்கு இன்னும் அம்மா இருக்கிறாள். அழுத்திக்கொண்டே இருந்தால் இருந்துகொண்டே இருப்பாள். கோனியம்மன் மேல் சத்தியம் வேறு. இவ்வளவு தெரிந்தும் விரல் அழுந்தவில்லை. கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

மேசைக்கு அடியில் சஷ்மிகாவின் கால் நீண்டு கட்டிலுக்குப் போயிருந்தது. அந்தச் சின்னக் கால்விரல்கள் அம்மாவின் பாதத்தை மெதுவாகத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தன. கட்டிய பட்டைக்குக் கீழே கையசையும், வாயசையும். காலசைந்து கலாமணி பார்த்ததில்லை.

நதிகளின் பெயர் நின்றுபோயிருந்தது.

"சாமி?"

"இன்னும் மணி அடிக்கலீங்க பெரிம்மா." கண் மூடியே இருந்தது. மூடிய இமைக்குக் கீழே தண்ணீர் இறங்கி மூக்கோரம் நின்றது.

கலாமணி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். பட்டையில் ஒட்டியிருந்த சிவப்புப் பொட்டை நகத்தால் கீறி எடுத்தாள். கீழே விளக்கு செத்துக் கிடந்தது.

"எப்பருந்து சாமி?"

"மழ பேஞ்சுதுல்லீங்க, துணி எடுக்கப் போனப்ப பக்கெட்டுத் தண்ணில விழுந்துருச்சு. அப்பறம் எரியவே இல்ல."

"அன்னைலருந்தா? அத்தனையும் கேட்டுட்டா உக்காந்திருந்தே?" என்றாள் கலாமணி. "ஏஞ்சாமி சொல்லல?"

"சொன்னா ரிப்பேருக்குக் குடுத்துருவாங்க. நான் பூரா நேரமும் முழிச்சுட்டே இருப்பேன். அப்பறம் அம்மா எப்பங்க அழுவாங்க?" மூக்கை உறிஞ்சியது. "அவங்களுக்கு வேற நேரமே இல்லீங்கள்ல."

கலாமணி முந்தானையால் பிள்ளையின் மூக்கோரத்தைத் துடைத்தாள்.

"பெரிம்மா."

"சொல்லு சாமி."

"நீங்க அமுத்தோணும்னா அமுத்திக்குங்க. மாமா வர்ற வரைக்கும் நான் இப்படியே இருந்துக்கறேன். எனக்குப் பழக்கந்தான். அம்மாகிட்ட சத்தியம் பண்ணீட்டீங்கல்ல."

கலாமணி எழுந்திருக்கவில்லை. பட்டனின் பக்கம் திரும்பவுமில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோனியம்மன் எத்தனையோ பொய்ச் சத்தியங்களைப் பார்த்தவள், இதையும் பார்த்துக்கொள்வாள்.

மணி அடித்தது.

சஷ்மிகா கண்ணைத் திறந்தாள். பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். வழக்கம்போல அடுப்படிக்குப் போய் வெந்நீர் கொண்டுவந்து கட்டிலருகில் வைத்தாள். கட்டிலில் ஏறி, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தாடைக் கட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விலகியிருந்த முடியைச் சரியாக இழுத்துவிட்டாள்.

"—'சித்தெ இருங்க, எங்கம்மா பின்னாடியே வந்துட்டு இருக்காங்க'ன்னு சொல்லுச்சும்மா."

அப்புறம் வாட்ச்மேன் விரலை எடுத்தது, லிஃப்ட் கதவு மூடப் பார்க்க, பூனை வாலைக் குறுக்கே வைத்தது, ஒவ்வொரு மாடியிலும் அவரவர் மணி அடித்து லிஃப்ட்டைக் கூப்பிட்டது, பூனை யாருக்கும் மசியாதது எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனாள்.  

இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. பழக்கதோஷத்தில் பிள்ளை சட்டென்று வாயை மூடிக்கொண்டு மேசையைப் பார்த்தது.

கலாமணி எழுந்தாள். சுவரிலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, ஒயரோடு இழுத்தாள். சுண்ணாம்பு உதிர்ந்தது. மணி பாதியில் நின்றது. அதைத் தரையில் போட்டுவிட்டு வந்து, கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள்.

"அப்பறம் சாமி?"